மன்னிப்புக் கேட்க வந்தவர்

நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் முடியும் சமயம். சனிக்கிழமை சாயங்காலம். கோடாலிக்குக் காம்பு செதுக்கிக்கொண்டிருந்தேன். மேஸ்திரி குளித்துவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரி என் முன்னால் வந்து நின்றார்.

"தம்பி, உங்கிட்ட ஒரு மன்னிப்புக் கேக்கணும்."

அதுவரை என்னிடம் யாரும் மன்னிப்புக் கேட்டதில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து நின்றேன்.

"நீ வந்து எறங்குன அன்னைக்கே உம் மொகத்தப் பாத்து, இவன் திருட்டுப் பயன்னு மனசுல நெனச்சிட்டேன். இந்த மாசம் முச்சூடும் அப்பிடித்தான் நெனச்சேன். படுக்கையில என் பையத் தலைக்கு வச்சுத்தான் படுத்தேன். அது பாவம். மன்னிச்சிரு."

சரிங்க என்றேன். வேறு என்ன சொல்ல முடியும். அவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். மூட்டையை இறக்கிவிட்டு நிமிர்கிறவனுக்கு முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவர் முகம். அடுத்த ஆளைத் தேடிப் போய்விட்டார். எனக்குத்தான் காம்பு செதுக்கக் கை ஓடவில்லை. அதற்குப் பிறகு கொட்டகையில் ஒரு சோப்பு காணாமல் போனாலும் என் காது சூடாகும். நான் எதையும் எடுத்தவனில்லை. ஆனால் பார்த்தவுடன் திருடன் என்று நினைக்கத் தோன்றும் முகம் எனக்கு என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

அவர் பேரை எழுதப் போவதில்லை. இன்னும் அந்தப் பக்கம்தான் இருக்கிறார். நாங்கள் மேஸ்திரி என்போம். சபையில் பிரதர் என்பார்கள். எங்கள் வேலை கொடைக்கானல் மலையில் பள்ளங்கிப் பக்கத்துப் பட்டா நிலங்களில் நிற்கும் தைலமரங்களை வெட்டி, துண்டு போட்டு, லாரிக்கு ஏற்றிக் கொடுப்பது. தங்குவதற்கு ஒரு தகரக் கொட்டகை. மார்கழியில் தகரத்தின் உள்பக்கம் வியர்த்துப் போர்வை மேல் சொட்டும். நான் பாலசமுத்திரத்தில் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். செங்கல் சூளை, பரோட்டாக் கடை, கேரளத்தில் ரப்பர்த் தோட்டம் என்று சுற்றிவிட்டு, ஒருநாள் லாரியில் தொற்றிக்கொண்டு மலை ஏறியவன். எந்த இடத்திலும் இரண்டு வருசம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. அந்தக் கொட்டகையில்தான் அதிக நாள் இருந்தேன். அதற்கு அவர்தான் காரணம். கிளம்பி வந்ததற்கும் அவர்தான் காரணம்.

அவர் போகும் சபை, பஸ் திரும்பும் வளைவுக்குக் கீழே ஒரு சின்ன ஹாலில் நடக்கும். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே திருவிருந்து. ஒரு தட்டில் அப்பத் துண்டுகளும், விரல் நீளக் குவளைகளில் திராட்சை ரசமும் வரிசையில் கை மாறி வரும். யாரோடாவது மனத்தாங்கல் வைத்துக்கொண்டு அதைத் தொடக் கூடாது. முதலில் அந்த ஆளிடம் போய் ஒப்புரவாக வேண்டும். மற்றவர்களும் இதைச் செய்யாமல் இல்லை. காலையில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒருவருக்கொருவர் கை கொடுத்து, ஏதாவது இருந்தா மன்னிச்சிக்கங்க பிரதர் என்று முடித்துக்கொள்வார்கள். அந்த 'ஏதாவது' என்ற சொல்லுக்குள் எல்லாம் அடங்கிவிடும். யாரும் அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை. மேஸ்திரிக்கு அது போதாது. ஏதாவது என்று சொல்வது தப்பித்துக்கொள்வது என்பார். என்ன, எப்போது, எத்தனை தடவை என்று முந்தின நாள் சனிக்கிழமையே தேடி வந்து சொல்லிவிடுவார்.

அதனால் அந்தச் சனிக்கிழமை வந்தால் எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் சோலி முடிந்ததும் வெரசாக டவுனுக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். மிஷின் வாள் ஓட்டும் பாண்டி தப்பிக்கத் தெரியாதவன். அவனிடம் ஒரு மாதம், நீ பக்கத்துல வந்து பேசுனா உன் வாய் நாறுதுன்னு அருவருப்புப் பட்டேன், மன்னிச்சிரு என்றார். பாண்டி மன்னித்துவிட்டான். ஆனால் அன்றிலிருந்து யாரிடம் பேசினாலும் கையை வாய்க்குக் குறுக்கே வைத்துக்கொண்டுதான் பேசுவான். அவனுக்குப் பெண் பார்க்கப் போனபோதும் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

பஜாரில் நாங்கள் மளிகை வாங்கும் கடை ஒரு பாயுடையது. ஒரு தடவை நானும் சாக்கைத் தூக்கிக்கொண்டு கூடப் போயிருந்தேன். கடை முன்னால் நல்ல கூட்டம். மேஸ்திரி நேராகப் போய்ச் சொன்னார்.

"பாய், உங்க தராசு மேல எனக்கு ரொம்ப நாளாச் சந்தேகம் இருந்துச்சு. கள்ள நிறுவைன்னு மனசுல பேசிட்டேன். மன்னிக்கணும்."

நின்ற ஆட்கள் எல்லாரும் தராசைப் பார்த்தார்கள். பாய் அவர்களைப் பார்த்தார்.

"நெனப்பு உங்களோடது மேஸ்திரி. அத ஆண்டவன்கிட்ட எறக்குங்க. எங் கடை வாசல்ல எறக்கிட்டுப் போனா, நான் அத எங்க கொண்டு போயிக் கொட்டுறது?"

"உங்களுக்கு விரோதமாத்தான பாய் நெனச்சேன். உங்ககிட்டத்தான சொல்லணும்."

"சரி, சொல்லிட்டீங்க. இப்ப உள்ள வாங்க. ஒங்க உளுந்த நீங்களே நிறுத்துக்கங்க. உங்களுக்குப் பின்னால நிக்கிறவங்களுக்கும் சேத்து நிறுத்துப் போட்டுட்டுப் போங்க."

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். மேஸ்திரியும் பாய் சொன்னபடியே உள்ளே போய் உளுந்தை நிறுத்தார். கிண்டல் அவர் மேல் ஒட்டவே ஒட்டாது. அவருடைய கண்ணெல்லாம் உள்பக்கமே இருந்தது. பேசிக்கொண்டே இருக்கும்போது சட்டைப் பையில் ஏதோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதுபோல நெஞ்சைத் தொட்டுக்கொள்வார். பையில் ஒன்றும் இருக்காது. உள்ளே ஏதாவது புகுந்துவிட்டதா என்று பார்க்கிறாராம். வெளிய இருக்குற அழுக்கு சோப்புக்குப் போயிரும் தம்பி, உள்ள இருக்குறத வாயாலதான் துப்பணும் என்பார். நான் ஒருநாள், துப்புகிற இடத்தில் ஆள் நிற்கிறதே என்று கேட்டேன். அவர் யோசித்தார். மறுபடி நெஞ்சைத் தொட்டார்.

அவர் கெட்டவராக இருந்திருந்தால் இதையெல்லாம் எழுத வேண்டியதே இல்லை. ஒரு மழை நாளில் சரிவில் உருண்டு வந்த மரத்துண்டு என் பாதத்தில் ஏறிவிட்டது. எலும்பு வெளியே தெரிந்தது. மற்றவர்கள் ஜீப்புக்குப் போன் போட்டுக்கொண்டு நின்றபோது, அவர் என்னை முதுகில் தூக்கிக்கொண்டு அந்த வழுக்குப் பாதையில் ரோடு வரைக்கும் ஏறினார். ஆஸ்பத்திரியில் என் சொந்தக்காரன் என்று சொல்லி உட்கார்ந்திருந்தார். கஞ்சி வாங்கி வந்து ஊட்டினார். மூத்திரச் சட்டியை எடுத்து ஊற்றினார். என் அப்பன் எனக்குச் செய்யாதது. கட்டுப் போட்டுக் கொட்டகைக்கு வந்தேன். முதல் வாரச் சனிக்கிழமை வந்தது. என் பாய்க்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டையோடு முட்டி போட்டார்.

"உன்னயத் தூக்கிட்டு ஏறும்போது, பாதி வழியில, இவன் இங்கனயே செத்தான்னா எறக்கி வச்சிரலாமேன்னு ஒரு நிமிசம் நெனச்சேன் தம்பி. மன்னிச்சிரு."

அவர் என்னைத் தூக்கிக்கொண்டு போனது இன்றைக்கும் நினைவில் இருக்கிறது. ஆனால் அது தனியாக வருவதில்லை. இந்த வார்த்தையும் சேர்ந்தே வருகிறது. அவர் சொல்லாமல் விட்டிருந்தால், என்னை ஒரு மனிதன் முழுதாகத் தூக்கிச் சுமந்தான் என்ற நினைப்பு எனக்கு மிஞ்சியிருக்கும்.

முன்னொரு காலத்தில் அவர் பெரிய குடிகாரர். அடிதடி, போலீஸ் ஸ்டேஷன் எல்லாம் பார்த்தவர். சபைக்குள் வந்த பிறகு எல்லாவற்றையும் விட்டார். பெண்டாட்டி முன்னமே இறந்துபோயிருந்தார். ஒரு மகன் திருப்பூரில் இருக்கிறான், போன் எடுக்க மாட்டான். நீ பொறக்காம இருந்தா நல்லாருந்திருக்கும்னு குடிக்கிற காலத்துல நெனச்சிருக்கேன் என்று மகனிடம் மன்னிப்புக் கேட்டாராம். மகனுக்குக் கல்யாணம் நிச்சயமான வாரம் அது. இதை அவரே என்னிடம் சொன்னார். மகன் ஏன் பேசுவதில்லை என்று அவருக்கு விளங்கவில்லை. நான் மறைக்காமத்தான சொன்னேன் என்றார்.

எங்களுக்குச் சோறு ஆக்கியவள் மாலையக்கா. ஜெபமாலை என்பது முழுப்பேர். கண்டித் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பம். அவள் பிறந்தது இங்கேதான் என்றாலும் வீட்டில் பேசும் கண்டிப் பேச்சு நாக்கில் ஒட்டியிருந்தது. புருசன் காய்கறி ஏற்றும் பிக்கப் வண்டி டிரைவர். கொட்டகைக்கு மேலே, ஊருக்குள், மாமியார் வீட்டில் குடியிருந்தார்கள். ஒன்றாவது படிக்கும் ஒரு பெண் குழந்தை. பள்ளிக்கூடம் விட்டதும் அது நேரே கொட்டகைக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து, சட்டியில் ஒட்டிய அடிச்சோற்றைக் கேட்கும். மாலையக்கா அதற்கென்றே கொஞ்சம் தீய விட்டு வைப்பாள். அவர்கள் கோயில்காரர்கள், மாதா கோயில். மேஸ்திரியைக் கேலி பேசும் தைரியம் அவளுக்கு மட்டும்தான் உண்டு.

"அண்ணே, நாங்க பாவத்தச் சாமியார் காதுல சொல்லுவோம். அவரு அதை அங்கனயே முழுங்கிருவாரு. ஊருக்குள்ள நாத்தம் வராது, விளங்குதா?"

"மனுசன் காதுல சொன்னா மனசு சுத்தமாயிருமா தங்கச்சி?"

"சுத்தமாகுதோ இல்லையோ, பாண்டி நிம்மதியா வாயத் தொறந்து சாப்பிடுவான்ல."

பாண்டி வாயைப் பொத்திக்கொண்டே சிரித்தான். மேஸ்திரி அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அவள் குழந்தைக்குப் பிஸ்கட் வாங்கி வருவார். நாங்கள் பார்த்த அளவில் அதற்கு மேல் ஒரு பார்வை, ஒரு சொல் கிடையாது.

அந்த வருசம் பனிக்காலத்தில் அவர் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தினார். தட்டை என்னிடம் கொடுத்து வாங்கி வரச் சொல்லி, மரத்தடிக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டார். குழம்பில் ஏதும் குறையா என்று மாலையக்கா என்னிடம் கேட்டாள். உப்புக் கூடிப்போச்சோ என்று இரண்டு நாள் உப்பைக் குறைத்துப் பார்த்தாள். முதல் வாரச் சனிக்கிழமை வந்தபோது, அவர் எங்கள் யாரிடமும் வரவில்லை. வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கேரட் ஏற்றும் இடத்துக்குப் போனார். அங்கே மாலையக்காவின் புருசன் மற்ற டிரைவர்களோடு நின்றிருந்தான். பாண்டி அப்போது அங்கே இருந்தான். அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"உங்க சம்சாரத்த நான் மனசுல இச்சிச்சுப் பாத்துட்டேன். ரெண்டு மூணு வாட்டி. அவுகளுக்கு ஒண்ணும் தெரியாது. உங்களுக்குத் துரோகம் பண்ணிட்டேன். மன்னிக்கணும்."

டிரைவருக்கு முதலில் புரியவில்லை.

"எங்க வச்சு?"

"மனசுல வச்சு."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று பாண்டி சொல்வான். சிரிக்காமல் இருந்திருந்தாலும் கெட்டுத்தான் போயிருக்கும். ஒரு ஆம்பளை வந்து இன்னொருவனிடம் உன் பெண்டாட்டி விசயத்தில் மன்னித்துவிடு என்று கேட்டால், மனதில் மட்டும்தான் என்று அந்த ஊரில் யார் நம்புவார்கள். ஒன்றும் நடக்காமல் எவனாவது மன்னிப்புக் கேட்பானா என்றுதான் பேசினார்கள். அன்று பொழுது சாய்வதற்குள் மாலையக்காவுக்கு அடி விழுந்தது. மாமியார் அவள் பெட்டியைத் தெருவில் வைத்தாள். குழந்தையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

மாலையக்காவுக்கு எதற்காக அடி விழுகிறது என்பதே அடி விழுந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்ததாம்.

மறுநாள் ஞாயிறு. மேஸ்திரி திருவிருந்து எடுத்துவிட்டு, முகம் தெளிந்து வந்தார். நான் வாசலிலேயே நிறுத்தி, ஏன் டிரைவரிடம் போனீர்கள் என்று கேட்டேன்.

"அவருக்கு விரோதமாத்தான தம்பி பாவம் செஞ்சேன்."

"அக்காவுக்கு விரோதமா இல்லையா?"

அவர் அதுவரை அதை நினைத்துப் பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கை நெஞ்சுக்குப் போயிற்று.

"அவகிட்டச் சொன்னா அவ மனசு கெட்டுப் போயிராதா?" என்றார்.

என்ன நடந்துவிட்டது என்று நான் சொன்னேன். அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதார். உண்மையான அழுகைதான். அன்றைக்குச் சாப்பிடவில்லை, அடுத்த நாளும் சாப்பிடவில்லை. உபவாசம் என்றார். உபவாசத்தால் மாலையக்காவுக்குக் கதவு திறக்கவில்லை.

அவள் ஒரு வாரம், கோயிலில் சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் வீட்டில் இருந்தாள். அவர் வயதானவர், நாலு பேருக்குப் பொதுவானவர். டிரைவரின் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசினார். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும், கல்லால் குகைபோல் கட்டி மாதா சுரூபம் வைத்திருக்கும் கெபி முன்னால் எல்லாரும் கூடினார்கள். எங்கள் கொட்டகையிலிருந்து நானும் பாண்டியும் போயிருந்தோம். டிரைவர் கோபம் ஆறித்தான் இருந்தான். அவனுக்கு வேண்டியது ஊர் முன்னால் தலை நிமிர ஒரு வழி. பெரியவர்கள் வழி சொன்னார்கள். அந்தப் பக்கத்தில் எந்த வழக்கும் அப்படித்தான் தீரும். மேஸ்திரி கெபி முன்னால் மெழுகுவர்த்தியைத் தொட்டு, இந்தப் பெண்ணுக்கும் எனக்கும் எதுவும் இல்லை, அவளுக்கு எதுவும் தெரியாது என்று சத்தியம் பண்ண வேண்டும். பண்ணிவிட்டால் பேச்சு முடிந்தது. அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். வீடு ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குழந்தை நின்றது.

மேஸ்திரி முன்னால் வந்தார்.

"அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. எங்களுக்குள்ள ஒண்ணும் கெடையாது. இதுதான் உண்மை."

"சரி, அதைத்தான் மெழுகுதிரியத் தொட்டுச் சொல்லுங்க" என்றார் உபதேசியார்.

"சத்தியம் பண்ண மாட்டேங்க."

"சுரூபத்துக்கு முன்னால வேண்டாம்னா விட்ருங்க. உங்க வேதத்த எடுத்துட்டு வாங்க. அது மேல கைய வச்சுச் சொல்லுங்க. நாங்க ஒத்துக்கிறோம்."

"எது மேலயும் ஆணையிடக் கூடாதுன்னு எங்களுக்குக் கட்டளை இருக்குங்க. ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல. அதுக்கு மேல ஒரு வார்த்த பேசுனா, அது எனக்குப் பாவம்."

"ஒரு பொம்பள வாழ்க்கைங்க இது."

"தெரியுதுங்க. ஆனா முடியாதுங்க."

கூட்டம் முணுமுணுத்தது. டிரைவரின் அம்மா, சுத்தமான ஆளுன்னா சத்தியத்துக்கு என்ன பயம் என்று கேட்டாள். அதுவரை சுவரோரமாக நின்ற மாலையக்கா நடுவில் வந்தாள். அழவில்லை. சோற்றுக்கு அரிசி கேட்பது போலத்தான் கேட்டாள்.

"அண்ணே, இப்ப சத்தியம் பண்ணிருங்க. அடுத்த மாசம் அதுக்கும் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கங்க. நீங்க கேக்காத மன்னிப்பா?"

அவர் நெஞ்சைத் தொட்டார். மெழுகுவர்த்தியைப் பார்த்தார். பண்ணிவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். பாண்டியும் நினைத்தான்.

"முடியாது தங்கச்சி" என்றார்.

அதோடு முடிந்தது. டிரைவர் எழுந்து ரோட்டைக் கடந்து வீட்டுக்குள் போனான். ஜன்னல் சாத்தப்பட்டது. மாலையக்கா மத்தியான பஸ்ஸில் பண்ணைக்காட்டுக்குப் போனாள். அங்கே அவளுடைய சின்னம்மா ஒருத்தி இருந்தாள். பெட்டியைப் பஸ்ஸில் நான்தான் ஏற்றினேன். அவள் எங்கள் கொட்டகையின் பெரிய கரண்டியை உபதேசியார் வீட்டில் வைத்திருப்பதாகவும், மறக்காமல் வாங்கிக்கொள்ளும்படியும் சொன்னாள்.

அடுத்த மாதத்திலிருந்து மேஸ்திரிக்குத் திருவிருந்து இல்லாமல் போயிற்று. அவர் மேல் ஒருத்தி மனத்தாங்கலோடு இருக்கிறாள், அது தீராமல் அப்பத்தைத் தொடக் கூடாது. தட்டு வரும்போது தலையைக் குனிந்து பக்கத்து ஆளுக்குத் தள்ளிவிடுவார் என்று சொன்னார்கள். உடம்பு இளைத்துப்போனார். ஒருநாள் என்னிடம் வந்து, பண்ணைக்காட்டுக்குக் கூட வர முடியுமா என்று கேட்டார். தனியாக ஒரு பெண்ணைப் பார்க்கப் போவது தப்பு, ஒரு சாட்சி வேண்டும் என்றார். போனேன்.

மாலையக்கா காப்பிக் களத்தில் வேலை பார்த்தாள். காய்ந்த கொட்டையைச் சிமெண்டுத் தரையில் பரப்பி, கறுப்பையும் உடைசலையும் பொறுக்கி எறியும் வேலை. எங்களைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். பாண்டி எப்படி இருக்கிறான் என்று கேட்டாள். மேஸ்திரி வெயிலில் நின்றுகொண்டே சொன்னார்.

"என்னய மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிரும்மா. அப்பம் தொட்டுப் பல மாசமாச்சு."

"எதுக்கு மன்னிப்பு?"

"உன்னய நான் மனசுல நெனச்சதுக்கு."

அவள் கை கொட்டையைப் பொறுக்கிக்கொண்டே இருந்தது.

"அது உங்க மனசு. அங்க நான் வரவே இல்ல. நீங்களா இழுத்துட்டுப் போனீங்க. நீங்களா வெளிய எடுத்து அத்தன டிரைவருக முன்னால போட்டீங்க. அதுக்கெல்லாம் எனக்கு ஒண்ணும் இல்ல. எம் புள்ளயக் கூட்டிட்டு வாங்க. மன்னிச்சிட்டேன்னு ஒரு தடவ என்ன, நூறு தடவ சொல்றேன்."

"அது எங் கையில இல்லம்மா."

"இது எங் கையில இருக்கு" என்றாள் மாலையக்கா.

களத்துக் கணக்குப்பிள்ளை எங்களை ஒரு மாதிரியாகப் பார்க்கவும் கிளம்பினோம். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தவர், ஊத்து என்ற ஊர் வரும்போது என் பக்கம் திரும்பினார்.

"அவ மனசு ரொம்பக் கசந்து கெடக்கு தம்பி. அதுக்காகச் செபம் பண்ணணும்."

நான் பெருமாள் மலையில் இறங்கிக்கொண்டேன். டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் வருகிறேன் என்று சொன்னேன். போகவில்லை. என் துணிப் பையைப் பாண்டி கொண்டு வந்து கொடுத்தான்.

பிறகு நடந்ததும் பாண்டி சொன்னதுதான். சபைப் பாஸ்டர் மேஸ்திரியைக் கூப்பிட்டு, நீங்க கேட்டுட்டீங்க, அந்தம்மா குடுக்கல, இனி அது அவங்க கணக்கு, நீங்க தாராளமா எடுக்கலாம் என்று சொல்லிவிட்டாராம். மேஸ்திரி ஒத்துக்கொள்ளவில்லை. அவள் வாயால் கேட்காமல் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். இன்றுவரை தொடவில்லை. அதனால் சபையில் அவருக்கு மரியாதை கூடிப்போயிற்று. வெளியூரிலிருந்து பிரசங்கம் பண்ண வருகிறவர்களுக்கு அவரைக் காட்டுகிறார்களாம். ஒரு பெண்ணுடைய கடின மனசுக்காக வருசக் கணக்கில் அப்பத்தைத் தொடாமல் இருக்கும் பரிசுத்தவான் என்று சொல்கிறார்களாம். காய்ச்சல் வந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய் அவர் கையைத் தலையில் வைக்கச் சொல்கிறார்கள். அந்தப் பெண்ணுடைய மனசு இளக வேண்டும் என்று மாதா மாதம் எல்லாரும் எழுந்து நின்று ஜெபம் பண்ணுகிறார்கள். அவளிடம் மிச்சம் இருந்தது அந்த ஒரு மறுப்புதான். அதையும் எடுத்து அவருக்குக் கிரீடமாக வைத்துவிட்டார்கள்.

அவர் நடிக்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. நடிக்கிற ஆட்களை நான் எத்தனையோ ஊரில் பார்த்திருக்கிறேன், காறித் துப்பிவிட்டு அடுத்த ஊருக்குப் போயிருக்கிறேன். இவர் உள்ளே ஒரு தூசி இருக்கக் கூடாது என்று உண்மையாகவே பாடுபட்டார். அந்தப் பாட்டில் வெளியே யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

போன வருசம் மிளகு பறிக்கும் வேலைக்குப் பண்ணைக்காடு போயிருந்தேன். சந்தையில் மாலையக்காவைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. சபையில் மேஸ்திரியைப் பற்றிப் பேசிக்கொள்வதையெல்லாம் சொன்னேன். அவளுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. நான் நிறுத்தியதும், டவுன் பக்கம் போவீங்களா தம்பி, எம் புள்ள எங்கயாச்சும் கண்ணுல பட்டுச்சா என்று கேட்டாள். ஒரு தடவை பார்க்கப் போனபோது மாமியார் நாயை அவிழ்த்துவிட்டாளாம். பிறகு போகவில்லை.

நான் பார்த்திருந்தேன். கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில், யூனிபாரம் போட்ட பிள்ளைகளோடு நின்றது. உயரமாக வளர்ந்திருந்தது. முகம் அப்படியே மாலையக்கா முகம், அதனால்தான் அடையாளம் தெரிந்தது. சொன்னேன்.

"முடி வளந்திருக்கா?"

"இடுப்பு வரைக்கும் இருக்குக்கா. ரெட்டைச் சடை."

அவள் கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு சடையும் ஒரே மட்டமா இருந்துச்சா?"

யோசித்துப் பார்த்தேன்.

"இல்லக்கா. ஒண்ணு மேல தூக்கி இருந்துச்சு, ஒண்ணு கீழ எறங்கி இருந்துச்சு."

"அப்ப அவளேதான் பின்னிக்கிறா" என்றாள் மாலையக்கா.